பெருந்தொற்றுக் காலமும் பிள்ளைகளின் உயர்கல்வித் தெரிவும்

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக, உயர்தர மாணவிகளுக்கும் பெற்றோருக்குமான சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, "டொக்டர், அரை மணித்தியாலம் போதும். கொவிட் காலத்தில பிள்ளையள் கம்பஸ் தெரிவு செய்ய வீட்டுக்காரர் எப்பிடி உதவி செய்தவை எண்டு ஏதாவது சொல்லுங்கோ" என்றார். தொலைபேசியை வைத்த பிறகுதான் யோசித்தேன். உதவி செய்த கதையா, உபத்திரவம் செய்த கதையா எதைச் சொல்வது என்று. எங்கள் வீட்டில் நடந்தது இரண்டாவதுதான். ஆகவே அதையே சொல்லப் போகிறேன். இது என் அக்காவின் மகளின் கதை. அவளிடம் கேட்டு, அவள் "சொல்லுங்கோ சித்தி, ஆனால் பேரைச் சொல்லாதேங்கோ" என்ற பிறகே இங்கே சொல்கிறேன்.

என் பெறாமகள் 2020ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதிய அணியைச் சேர்ந்தவள். அந்த அணியின் பாடு உங்களில் பலருக்குத் தெரியும். மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகளை மூடினார்கள். ஒகஸ்டில் நடக்க வேண்டிய பரீட்சை பிற்போடப்பட்டு ஒக்டோபர் 12ஆம் திகதிதான் தொடங்கியது. தொடங்குவதற்கு ஒரு கிழமை முன்னர்தான் மினுவாங்கொடைக் கொத்தணி வந்தது. நடக்குமா, நடக்காதா என்று கடைசி நாள் வரை ஒருவருக்கும் தெரியாது. ஊரடங்குப் பகுதிகளில் பரீட்சை அனுமதி அட்டையையே பாஸ் ஆகக் காட்டிப் பிள்ளைகள் போனார்கள். முகக்கவசத்துக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு இரசாயனவியல் பகுதி இரண்டை எழுதிய பிள்ளைகள் அவர்கள்.

பெறுபேறு வந்தது 2021 மே முதல் வாரத்தில். அப்போது மூன்றாவது அலை. மே மாதத்திலேயே பயணத்தடை போட்டார்கள். அந்த நேரத்தில்தான் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப வேண்டியிருந்தது. மற்ற வருடங்களில் என்றால் ஒரு பிள்ளை பெறுபேற்றுத் தாளோடு பாடசாலைக்குப் போகும். உயிரியல் ரீச்சரைக் காணும், உப அதிபரைக் காணும், முதல் வருடம் கம்பஸ் போன அக்காவைத் தேடிப் பிடித்துக் கேட்கும். ரியூட்டரி வாசலில் நின்று நாலு பேரோடு கதைக்கும். அந்தக் கதைகளில் பாதி பிழையாக இருந்தாலும், பத்துப் பேரிடம் கேட்கும்போது பிழை பிழையை வெட்டிவிடும். அந்த வருடம் பிள்ளைக்குக் கிடைத்தவர்கள் வீட்டுக்குள் இருந்தவர்கள் மட்டும். அப்பா, அம்மா, வட்ஸ்அப்பில் லண்டன் மாமா, கனடா பெரியம்மா, பிறகு வோர்ட்டிலிருந்து இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பும் சித்தியாகிய நான்.

அவளுடைய இசட் புள்ளி நல்ல புள்ளி. மருத்துவத்துக்குக் காணாது.

இந்த ஒரு வசனத்தை எங்கள் சமூகத்தில் எத்தனை வீடுகளில் மரணச் செய்தி போலச் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. ஒவ்வொரு வருடமும் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இடம் கிடைப்பது நாற்பதினாயிரம் சொச்சம் பேருக்கு. அதில் மருத்துவ பீடங்களுக்குப் போகிறவர்கள் மிகச் சிலர். கணக்குத் தெரிந்த தகப்பன்மாருக்கும் இந்தக் கணக்கு மட்டும் தங்கள் வீட்டுக்குப் பொருந்தாது என்று ஒரு நம்பிக்கை.

விண்ணப்பம் நிரப்பிய அன்று நான் அக்கா வீட்டில் இருக்கவில்லை, இருக்கவும் முடியாது. கொவிட் வோர்ட்டில் வேலை செய்ததால் அவர்களின் வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தேன். வீடியோ அழைப்பில், சாப்பாட்டு மேசையில் சாய்த்து வைத்த போனுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை ஆணைக்குழுவின் கைந்நூலைத் தரவிறக்கி, தானே வாசித்து, ஒரு கொப்பித் தாளில் தன் பட்டியலை எழுதி வைத்திருந்தாள். முதலில் வழமை போல மருத்துவம். அதற்கு அடுத்தது பேராதனையில் கால்நடை மருத்துவம். மூன்றாவதாக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல்.

அத்தான் வாசித்துவிட்டுச் சிரித்தார். கோபத்தில் அல்ல, உண்மையாகவே பகிடி என்று நினைத்தார். "டொக்டர் இருக்கிற வீட்டில நேர்ஸோ?" என்றார். பிறகு போனைப் பார்த்து, "நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று காலையில் ஒட்சிசன் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு நோயாளியின் மூச்சு இறங்குவதை முதலில் கண்டது நான் அல்ல, ஒரு தாதிய உத்தியோகத்தர். பாதுகாப்பு உடைக்குள் வியர்த்துக் கொட்ட, தண்ணீர் குடிக்கவும் வெளியே வராமல் ஆறு மணித்தியாலம் நின்றவர். அவர் இல்லாவிட்டால் எங்கள் வோர்ட் ஒரு நாளும் ஓடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் சொந்தப் பிள்ளை அந்தத் தொழிலுக்குப் போகலாமா என்று கேட்டபோது என் வாய் திறக்கவில்லை. களைப்பு என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். களைப்பு அல்ல. அத்தான் வெளியே சொன்னதை நான் உள்ளே நினைத்திருந்தேன். அவ்வளவுதான்.

தாதியியலை அழிக்கவில்லை. பிள்ளை பிடிவாதமாக விட்டுவிட்டாள். "சும்மா கிடக்கட்டும், எப்பிடியும் செக்கண்ட் ஷை எடுக்கத்தானே போறாய்" என்று முடிந்தது.

தெரிவு வந்தது. தாதியியல் கிடைத்தது. இந்த இடத்தை முன்வரிசைப் பிள்ளைகளும் பெற்றோரும் கவனமாகக் கேட்க வேண்டும். கிடைத்த பாடநெறிக்குப் பதிவு செய்துவிட்டால், பிறகு உயர்தரம் திரும்ப எழுதி வேறு பாடநெறிக்கு ஆணைக்குழு ஊடாக விண்ணப்பிக்க முடியாது. பதிவு செய்யாவிட்டால் அந்த இடம் போய்விடும். இரண்டில் ஒன்றுதான். உயர்தரத்தை மூன்று முறைக்கு மேல் எழுதியவருக்கு அனுமதிக்குத் தகுதியும் இல்லை. அக்கா என்னிடம் கேட்டாள். "இன்னொருக்கா முயற்சி செய்யட்டும், கெட்டிக்காரிதானே" என்று ஒரு வரி தட்டச்சு செய்து அனுப்பினேன். வோர்ட் றவுண்டுக்கு இடையில் எழுதிய ஒரு வரி. பிள்ளையோடு நான் கதைக்கவே இல்லை. பதிவுக்குரிய திகதி போனது.

அடுத்த பரீட்சை ஒழுங்காக நடந்திருந்தால் 2021 ஒகஸ்டில் நடந்திருக்கும். நடந்தது 2022 பெப்ரவரியில். இரண்டாம் முறை எழுதும் பிள்ளைக்கு இந்தக் காத்திருப்பு என்ன செய்யும் என்பதை அந்தக் காலத்தில் என் கிளினிக்கிலேயே கண்டேன். தலையிடி, வயிற்று நோ, நித்திரையின்மை, மாதவிடாய் ஒழுங்கீனம் என்று பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளைகள் தாய்மாரோடு வந்தார்கள். இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கும். தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "எத்தனையாம் முறை எழுதுறீர்?" என்று கேட்டால் கண் கலங்கும். சிலரை மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தைத் துண்டில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வியை என் பெறாமகளிடம் நான் கேட்கவில்லை.

2022 பெப்ரவரி, மார்ச் என்றால் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மின்வெட்டும் வரிசைகளும் தொடங்கிய மாதங்கள். பெறுபேறு ஒகஸ்ட் இறுதியில் வந்தது. அவளுடைய புள்ளி முதல் முறையை விடக் குறைவு.

இதற்கிடையில் வெளிநாட்டு யோசனையும் ஓடியது. கனடா பெரியம்மா தன் பங்குக்குப் பணம் தருவதாகச் சொன்னா. சீனாவில் மருத்துவம் படிக்க அனுப்பலாம் என்று ஒரு முகவர் வீட்டுக்கே வந்தார். அந்த விடயத்தில் மட்டும் நான் வாய் திறந்தேன். வூஹானில் இருந்த எங்கள் நாட்டு மாணவர்கள் 33 பேரை 2020 பெப்ரவரி முதலாம் திகதி விமானம் அனுப்பிக் கொண்டு வந்து தியத்தலாவையில் தனிமைப்படுத்தியது ஞாபகமிருக்கும். பத்திரிகைகள் அத்தோடு மறந்துவிட்டன. சீனாவில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மருத்துவ மாணவர்கள் பலர் அதன் பிறகு 2022 வரை திரும்பிப் போக முடியாமல் வீட்டிலிருந்து கணினித் திரையில் மருத்துவம் படித்தார்கள். ஈரலைத் தட்டிப் பார்ப்பதையும் இதயத்தைக் கேட்பதையும் திரையில் படிக்க முடியாது. படித்து முடித்தாலும் இங்கே வந்து மருத்துவ சபையின் பரீட்சை எழுத வேண்டும். அந்தப் பிள்ளைகளில் சிலர் பயிற்சிக்கு இடம் கேட்டு என்னிடமே வந்தார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல. காசு கட்டும்போது, எல்லை மூடினால் என்ன நடக்கும் என்று அவர்களின் வீடுகளில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள், யாருக்குத்தான் தோன்றியிருக்கும்? பிறகு 2022 மார்ச்சில் ரூபாய் விழுந்தது. இருநூறு ரூபாயில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் முன்னூற்று அறுபதுக்குப் போனது. பிள்ளை படிக்கும் இரண்டாம் வருடத்தில் கட்டணம் இப்படி ஏறினால், பாதியில் திரும்பி வரச் சொல்வதா, காணியை விற்பதா என்று பட்ட குடும்பங்கள் இந்த மண்டபத்திலும் இருக்கின்றன. வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்த்து அனுப்ப வேண்டாம்.

வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் அக்காமாரும் அந்த வருடம் நிம்மதியாக இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். என்னோடு ஒரே வகுப்பில் படித்த ஒருத்தியின் மகன் இங்கிலாந்தில் அந்த வருடம் ஏ லெவல். பரீட்சையே நடக்கவில்லை. ஆசிரியர் மதிப்பிட்ட தரங்களை ஒரு கணிதச் சூத்திரம் போட்டு மாற்றி, ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது தரங்களைக் குறைத்துவிட்டார்கள். பிள்ளைகள் வீதிக்கு இறங்க, நாலு நாளில் அரசாங்கம் அதைக் கைவிட்டது. அந்த நாலு நாளும் அவள் எனக்கு இரவிரவாகக் குரல் பதிவு அனுப்பினாள். அங்கேயும் சாப்பாட்டு மேசைதான், அங்கேயும் அப்பாமார்தான்.

இனி, பட்டியல் நிரப்பப் போகிற பெற்றோருக்குச் சில விடயங்கள். கைந்நூல் தமிழிலும் இருக்கிறது. தயவுசெய்து நீங்களே வாசியுங்கள், ரியூசன் சேர் சொன்னதை மட்டும் நம்பாதேயுங்கள். ஒரு பாடநெறியும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்தது ஒரு குறியீடு. யாழ்ப்பாணத்தில் தாதியியல் ஒன்று, பேராதனையில் தாதியியல் இன்னொன்று. உங்கள் பட்டியலில் மேலே இருப்பதில் எதற்குப் புள்ளி போதுமோ அதுவே கிடைக்கும். "கிடைக்கக்கூடியதை முதலில் போட்டால் உறுதியாகக் கிடைக்கும்" என்று ஒரு கதை வருடாவருடம் உலாவுகிறது. அது பிழை. அப்படிப் போட்டால், மேலே கிடைத்திருக்கக் கூடியதை நீங்களே வெட்டிவிடுகிறீர்கள். விருப்பத்தின் ஒழுங்கில் போட வேண்டும். பிள்ளையின் விருப்பத்தின் ஒழுங்கில். பிள்ளை ஒருநாளும் போக விரும்பாத ஒன்றைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம், அது கிடைத்துவிடும்.

போன வருட வெட்டுப்புள்ளியை வைத்து இந்த வருடத்தைத் தீர்மானிக்க முடியாது. இசட் புள்ளி அந்தந்த வருடத்தில் எழுதியவர்களோடு ஒப்பிட்டுப் போடப்படுவது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஆகவே கிளிநொச்சிப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியும் யாழ்ப்பாணப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியும் ஒன்றல்ல. அயல் வீட்டு மச்சாளோடு ஒப்பிட முதல் அவள் எந்த மாவட்டத்துக்குரியவள் என்று பாருங்கள்.

கொவிட் காலத்தில் பெற்றோர் எல்லோரும் ஒரே விடயத்தைக் கேட்டார்கள்: கிட்ட இருக்குமா? பெண்பிள்ளைகள் என்றால் சொல்லவே வேண்டாம். ஊரடங்கு வந்தால் எப்படிக் கூட்டி வருவது, விடுதியில் தொற்று வந்தால் யார் பார்ப்பது என்ற பயம் நியாயமான பயம். மருத்துவராக நானும் அதைப் பங்கு போட்டேன். ஆனால் அந்தப் பயத்தில் சப்ரகமுவ, ருகுணை, பேராதனை எல்லாவற்றையும் பட்டியலில் இருந்து வெட்டியவர்கள், பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பாடநெறியையும் சேர்த்து வெட்டினார்கள். தொற்று இரண்டு வருடத்தில் அடங்கிவிட்டது. பட்டம் நாலு வருடம், அதன் பிறகு தொழில் முப்பது வருடம். முதல் வருடத்தைப் பல பிள்ளைகள் வீட்டிலிருந்தே சூமில்தான் படித்தார்கள். லேர்ன் வலையமைப்பு ஊடாக டேட்டாக் கட்டணமில்லாமல் விரிவுரை கேட்கும் வசதியும் இருந்தது, சிக்னலுக்காக மொட்டை மாடியில் குடை பிடித்து இருந்தவர்களையும் நான் அறிவேன்.

பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களே எண்ணிக்கையில் கூட. தேசிய கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சிக் கல்லூரி, உயர் தொழில்நுட்ப நிறுவனம், திறந்த பல்கலைக்கழகம், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம், இவையெல்லாம் "ஒண்டும் சரிவராட்டி" என்ற வாசகத்தோடுதான் எங்கள் வீடுகளில் உச்சரிக்கப்படுகின்றன. இப்போது என் வோர்ட்டில் உள்ள இயந்திரங்களைப் பழுது பார்க்க வரும் தம்பி அப்படி "ஒண்டும் சரிவராமல்" போனவர். அவர் வராத நாளில் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்போம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மண்டபத்துக்கு நிறம் பூசுவதற்கும் நூலகத்துக்கும் பணம் சேர்க்கிறோம், நல்லது. அதோடு ஒரு தொலைபேசிப் பட்டியலும் வேண்டும். எங்கள் பழைய மாணவிகளில் விவசாய பீடத்தில் படித்தவர், இயன்மருத்துவர், நில அளவையாளர், தாதி, சட்டத்தரணி, நடனம் படித்தவர் எல்லோரும் இருக்கிறோம். பெறுபேறு வந்து விண்ணப்பம் முடியும் வரையான அந்தச் சில கிழமைகளுக்கு, ஒரு பிள்ளை அழைத்தால் அரை மணித்தியாலம் கதைக்கச் சம்மதிப்பவர்களின் இலக்கங்களைப் பாடசாலையில் கொடுத்து வைப்போம். "உங்கட வேலையில காலையில இருந்து பின்னேரம் வரை என்ன செய்வீங்கள்?" என்று பிள்ளை கேட்கட்டும். என் பெறாமகளுக்கு அன்று அப்படி ஒரு தாதி அக்காவின் இலக்கம் இருந்திருந்தால், என் மௌனத்துக்கு அவ்வளவு கனம் இருந்திருக்காது. என் இலக்கத்தை இன்றைக்கே செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். என்னோடு வேலை செய்யும் இரண்டு தாதிய உத்தியோகத்தர்களும் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவர் எங்கள் பாடசாலை, மற்றவர் அல்ல. பரவாயில்லைத்தானே.

பிள்ளை இப்போது எங்கே என்று கேட்பீர்கள். மூன்றாம் முறை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இந்த முறை அத்தான் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் முறைப் புள்ளிக்குத் தாதியியல் கிடைக்கவில்லை. வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கிறாள். நல்ல சிநேகிதிகள் இருக்கிறார்கள். மீன் குழம்பு எங்கள் ஊரை விட அங்கே ருசி என்று தாயிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்கோ சித்தி" என்றாள்.

போன கிழமை அழைத்திருந்தாள். பரீட்சை, விடுதி எல்லாம் கதைத்துவிட்டு, "சித்தி, உங்கட வோர்ட்டில இப்ப நேர்ஸ்மார் காணுமோ?" என்று கேட்டாள். காணாது, நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போனவர்கள் கனபேர், ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேரோடு சமாளிக்கிறோம் என்றேன். "ம்ம்" என்றாள். பிறகு அம்மா பிறசர் குளிசை ஒழுங்காகப் போடுகிறாவா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பிள்ளைகள் முதலில் கேட்கட்டும், பெற்றோர் பிறகு.